கணக்குக் காட்டியவரிடம் சாவியைக் கொடுங்கள்



2024-இல் நம் திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சி ஆயிற்று. அன்று முதல் டீக்கடையில் இரண்டே பேச்சுதான். அடுத்த மேயர் யார், எந்த வார்டு யாருக்கு ஒதுக்கப்படும்? 2022 பிப்ரவரியில் நாம் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் சுவர்களில் புதுப் பெயர்கள் ஏறிவிடும். அந்தப் பெயர்களுக்குக் கீழே என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: களப்பணியாளர், கொடை வள்ளல், எளிமையின் சிகரம். இன்னாருடைய தம்பி, இன்னாருடைய மருமகன் என்பது எழுதாமலே விளங்கிவிடும். மாநகராட்சி என்றால் அதில் நிலைக்குழுக்கள் உண்டு. வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு ஒன்று, கணக்குக் குழு ஒன்று. உங்கள் வீட்டு வரியும், குடிநீர்க் கட்டணமும், பேருந்து நிலையக் கடை வாடகையும், நாளங்காடிக் குத்தகையும், கட்டணக் கழிப்பிட ஏலப் பணமும் எப்படி வந்து எப்படிப் போகின்றன என்று பார்க்க வேண்டிய இடம் அவை இரண்டும்தான். மேயர் நாற்காலிக்கு நடக்கும் இழுபறியில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த இரண்டு குழுக்களின் தலைவர் யார் என்பதற்கு நடப்பதில்லை. கட்சிகள் பங்கு பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சியவருக்கு ஆறுதல் பரிசாகப் போகிற பதவி அது. ஊர்ப் பணத்துக்குப் பொறுப்பாளரை இப்படியா தேடுவது என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

பணத்தை எப்படி எண்ண வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியாதா? பௌர்ணமி முடிந்த சில நாளில் அண்ணாமலையார் கோயில் உண்டியல் திறக்கப்படுகிறதே, பார்த்திருப்பீர்கள். அதிகாரிகள் முன்னிலையில் முத்திரையை உடைக்கிறார்கள். மண்டபத் தரையில் காணிக்கையைக் கொட்டுகிறார்கள். ஊழியர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக உட்கார்ந்து ஐந்நூறு தனி, நூறு தனி, பத்து தனி என்று பிரித்துக் கட்டுகிறார்கள். சில்லறை ஒரு பக்கம் குவிகிறது. பொன்னும் வெள்ளியும் தராசுக்குப் போகின்றன. தலைக்கு மேலே கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் பத்திரிகையில் ரொக்கம் இத்தனை ரூபாய், தங்கம் இத்தனை கிராம், வெள்ளி இத்தனை கிராம் என்று வந்துவிடுகிறது. யாரோ முகம் தெரியாத பக்தர் ஆந்திராவிலிருந்து வந்து போட்ட பத்து ரூபாய் நோட்டுக்கு இவ்வளவு மரியாதை. அந்தக் கோயிலைச் சுற்றி மாடவீதியில் கடை வைத்திருப்பவர் கட்டிய வரிக்கு என்ன மரியாதை? அது எந்தத் தலைப்பில் வரவாயிற்று, எந்தத் தலைப்பில் செலவாயிற்று என்று எந்த மறுநாள் பத்திரிகையில் வந்தது? மன்றக் கூட்டத்தில் அறுபது எழுபது பொருள்களை வரிசையாக வாசித்து, மேசையைத் தட்டி, ‘ஆல் பாஸ்’ என்று எழுந்து போகிற பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. கோயில் கணக்கிலும் குறை சொல்ல இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணுவதைக் கண்முன்னே எண்ண வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே நிலைத்திருக்கிறது. மாநகராட்சிக் கட்டடத்துக்குள் அது இன்னும் நுழையவில்லை என்பதே என் வழக்கு.

சட்டம் என்ன தகுதி கேட்கிறது? 21 வயது ஆகியிருக்க வேண்டும். நகரத்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வரி பாக்கி கூடாது. மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு கூடாது. வழக்கு, சொத்து, படிப்பு விவரத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். இவை வாசலைக் கடப்பதற்கான தகுதிகள். உள்ளே போனபின் பணப்பெட்டியருகே யாரை உட்கார வைப்பது என்பதைச் சட்டம் மன்ற உறுப்பினர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதைக் குறை என்று நான் சொல்லவில்லை. தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கியவரே கவுன்சிலர் ஆகலாம் என்று விதி வந்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன். ஆனால் சட்டம் கேட்காததை மக்கள் கேட்கலாம். கேட்பதற்கு நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அது ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையான கேள்வி.

இங்கிருந்து சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாகப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. குடவோலை என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்: முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்குவது, விவரம் அறியாத சிறுவன் கையால் எடுப்பது. மேடைக்கு மேடை அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டோம். குடத்தைப் பார்த்த நாம், குடத்துக்குள் யார் பெயர் போகக் கூடாது என்று அந்தச் சுவரில் எழுதியிருப்பதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று எந்த வாரியத்தில் இருந்தவராக இருந்தாலும், இருந்த காலத்துக்குக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் பெயரை மட்டுமா? சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாளின் கணவன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முறையை ஒவ்வொன்றாக அடுக்கி, இவர்கள் பெயரும் கூடாது என்கிறது கல்வெட்டு. எவ்வளவு பட்டிருந்தால் இவ்வளவு நீளமாகப் பட்டியல் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! தான் நிற்க முடியாவிட்டால் மைத்துனனை நிறுத்துகிற தந்திரம் நேற்று முளைத்தது இல்லை.

இன்னொன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது. ஊர்க் கணக்கு எழுதுகிறவர் நேர்மையாகச் சம்பாதிப்பவராக இருக்க வேண்டும். எழுதிய கணக்கை வாரியப் பெருமக்களிடம் தானே ஒப்படைத்து, சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி அந்த வேலை. அவர் எழுதியதற்கு வேறொருவர் வந்து கணக்கு முடிக்கக் கூடாது. நம் காலத்தில் தணிக்கைத் தடை வந்தால் முதலில் வரும் பதில் எது? அது எனக்கு முன்னால் இருந்தவர் காலத்து விவகாரம். அந்தப் பதிலுக்கு இடமில்லாமல் 921-லேயே கதவைச் சாத்திவிட்டார்கள். இவையெல்லாம் வெறும் தத்துவமும் இல்லை. 919-இல் வாரியத்தில் இருப்பவருக்கு வயது முப்பது முதல் அறுபது என்றவர்கள், இரண்டே ஆண்டில் முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றினார்கள். பட்டு, பார்த்து, திருத்தி எழுதிய விதி.

இதைச் சொன்னவுடன் ஒரு நியாயமான எதிர்ப்பு எழும், எழ வேண்டும். அன்றைய உத்திரமேரூர் பிராமணர்களின் ஊர். அந்தச் சபையில் உட்காரக் கால் வேலி இறையிலி அல்லாத நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. அந்த விதியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்குப் பாடம் சொல்கிறீரா என்று கேட்டால், கேட்பவர் பக்கம்தான் நான். நிலத்தகுதி, குலத்தகுதி, வேதத்தகுதி மூன்றையும் நம் அரசியல் சட்டம் தள்ளிவிட்டது. தள்ளியதுதான் சரி. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். தள்ள வேண்டிய மூன்றையும் நாம் வேறு பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறோம், வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைத் தள்ளிவிட்டோம். நிலத்துக்குப் பதில் ‘வசதியானவர்’. குலத்துக்குப் பதில் ‘இந்த வார்டில் நம்ம ஆள்கள்தான் அதிகம்’. வேதத்துக்குப் பதில் மாவட்டச் செயலாளரின் காதில் விழும்படி தலைவர் புகழ் பாடத் தெரிவது. பாக்கியிருந்த நாலாவது தகுதி, கணக்குக் காட்டியவர் என்பது. அதைக் கேட்பார் இல்லை.

‘வசதியானவர்’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் நல்லவர்களே நம்பிச் சொல்லும் வாதம் அது. அவருக்கு இல்லாத பணமா, அவர் ஏன் மாநகராட்சிப் பணத்தில் கை வைக்கப் போகிறார் என்கிறார்கள். ஊர்ப் பணம் போகிற வழி, பெட்டியில் கைவிட்டு எடுப்பது ஒன்று மட்டும்தானா? வர வேண்டியது வராமல் இருப்பதும் போவதுதான். மாநகராட்சியில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று கட்டம் போட்ட ஒரு பட்டியல் உண்டு. இத்தனை வர வேண்டும், இத்தனை வந்தது, இத்தனை பாக்கி. மூன்றே எண். மூன்றாம் கட்டத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், ஊரின் கதை தெரிந்துவிடும். 2022-இல் சொத்துவரியை மறுசீரமைத்தபோது நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். அப்படியானால் ஒரு கட்டடம் எத்தனை சதுர அடி என்று அளந்து எழுதுவதில்தான் பணம் இருக்கிறது. லாட்ஜும் திருமண மண்டபமும் வணிக வளாகமும் வைத்திருப்பவருக்கு அந்த அளவு நாடாவின் மேல் அக்கறை இருக்குமா, கூரை வீட்டுக்காரருக்கு இருக்குமா? வசதியானவரெல்லாம் ஏய்ப்பவர் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக வரி கட்டுகிற வசதியானவர் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வசதியை நேர்மைக்கு ஜாமீனாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். அவர் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

சரி, படித்தவரைப் போடலாமே, ஆடிட்டர் ஒருவர் கவுன்சிலரானால் அவரை உட்கார வைக்கலாமே என்கிறது அடுத்த கட்சி. வந்தால் வரவேற்போம். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் 2000-ஆம் ஆண்டையொட்டி இரட்டைப் பதிவுக் கணக்கு முறைக்கு மாறின. வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிப் பேரேடு. இதைப் படிக்கத் தெரிவது நல்லதுதான். கோவை நகராட்சியில் துணைத் தலைவராக இருந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார் என்பதையும் நினைவூட்டுகிறேன். ஊர்ச் சபை சிறிய பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் திறமை ஒரு தகுதி, பொறுப்பேற்பது வேறொரு தகுதி. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னைக்காரர் ஒருவரே சாட்சி.

டி.டி. கிருஷ்ணமாச்சாரியைவிடப் பணவிவரம் தெரிந்த அரசியல்வாதி அந்தக் காலத்தில் எத்தனை பேர்? வியாபாரம் செய்து நிறுவனம் கட்டியவர், 1956-இல் நாட்டின் நிதியமைச்சர். அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீட்டுக் கழகம், பாலிசிதாரர்களின் பணத்திலிருந்து சுமார் ஒரு கோடியே இருபத்துநாலு லட்சத்தை ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் நிறுவனப் பங்குகளில் கொண்டுபோய்ப் போட்டது. ஆளும் கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டார். நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார், மூடிய அறையில் அல்ல, பொதுமக்கள் முன்னால். முடிவெடுத்தது துறைச் செயலாளர் என்பது அமைச்சர் தரப்பு வாதம். செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, கை கழுவ முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அவர் தன் பைக்குள் ஒரு ரூபாய் போட்டுக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. அறிவில் குறை என்றும் யாரும் சொல்லவில்லை. பிறருடைய பணம் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டியவர் தெரிந்துகொள்ளவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. அதுவே போதுமான குற்றம்.

காசோலையில் கையெழுத்துப் போடுவது ஆணையர்தானே, கவுன்சிலருக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கும் அதே பதில் பொருந்தும். ஆணையர் அரசு அனுப்பும் அதிகாரி, மாறுதல் உத்தரவு வந்தால் போய்விடுவார். அவர் போட்ட கையெழுத்துக்கு மேலே இருப்பது மன்றத் தீர்மானம். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர் நம் தெருவில் குடியிருப்பவர். எனக்குத் தெரியாது என்று அவர் சொல்வாரானால், தெரிந்துகொள்ளத்தானே உங்களை அனுப்பினோம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி எல்லாவற்றிலும் கடினமான எதிர்ப்புக்கு வருகிறேன். கணக்குக் காட்டியவர்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே பதவியில் இருந்தவர்தானே கணக்குக் காட்டியிருக்க முடியும்? புதியவர், ஏழை, இளைஞர், முதல் தடவை நிற்கும் பெண், இவர்கள் எதைக் காட்டுவார்கள்? பழைய பெருச்சாளிகளுக்கே மறுபடி வழி திறக்கிறீரே! இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் என் வாதம் முழுவதும் விழுந்துவிடும். பதில் இந்தக் கூட்டத்தின் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. நம் மாவட்டத்தில் குழு இல்லாத ஊர் எது, சொல்லுங்கள். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள். ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். கூட்டம் நடந்தால் தீர்மானப் புத்தகம். பணம் கைமாறினால் ரொக்கப் புத்தகம். சேமிப்புக்கு ஒரு லெட்ஜர், கடனுக்கு ஒரு லெட்ஜர், ஆளுக்கு ஒரு பாஸ் புத்தகம். வங்கிக்காரர் வந்து புத்தகங்களைப் புரட்டித் தரம் பார்த்த பிறகுதான் கடன். யார் எவ்வளவு வாங்கினார், எந்தத் தவணை தவறினார் என்பது வட்டமாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் வாய்ப்பாடாகத் தெரியும். ஒரு ரூபாய் குறைந்தால் அன்றே கேள்வி, அங்கேயே பதில். பத்தாண்டு இப்படிப் பிரதிநிதியாக இருந்து புத்தகத்தைச் சுத்தமாக ஒப்படைத்த ஒரு அம்மா, ஒன்பதாம் வகுப்போடு நின்றிருந்தாலும் சரி, வாடகை வீட்டில் இருந்தாலும் சரி, நிதிக் குழுவுக்கு நான் கேட்கிற தகுதி அவரிடம் முழுமையாக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு, வணிகர் சங்கம், தெருக் கோயில் திருவிழாக் கமிட்டி, ஆட்டோ நிறுத்தத்துச் சங்கம் எதுவானாலும் பிறர் பணத்தை வாங்கி வைத்து, சபையில் கணக்கு வாசித்து, மிச்சத்தை ஒப்படைத்தவர் எவரும் புதியவர் அல்ல. பெருச்சாளிக்குத்தான் இந்தக் கேள்வி தடை. அவர் பதவியில் இருந்தார், கணக்கு எங்கே?

தாய்மார்கள் பேச்சு வந்ததால் இன்னொன்று. நகர்ப்புற உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016 முதல் சட்டம். வென்றது அம்மா, மன்றத்து விவகாரமெல்லாம் வீட்டுக்காரர் கையில் என்ற நிலை தமிழ்நாட்டின் பல ஊர்களில் கண்கூடு. உத்திரமேரூர்க்காரர்கள் மைத்துனனையும் மருமகனையும் பட்டியல் போட்டுத் தடுத்தார்கள். நம் காலத்தில் பட்டியல் போடாமலே ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார். கணக்குக் கேட்கும்போது கவுன்சிலரம்மாவிடம் கேளுங்கள். அவரே பதில் சொல்லட்டும். சொல்லத் தெரிந்த பெண்கள்தான் அவர்கள், சொல்ல விடுவதில்லை என்பதுதான் கோளாறு.

கணக்குக் காட்டுவது என்ன பெரிய விஷயம், சாலை போட்டாரா, தண்ணீர் வந்ததா என்று பார்த்தால் போதாதா என்பவருக்கும் ஒரு வார்த்தை. 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கான உள்ளாட்சி மானியத்துக்கு வைத்த நுழைவு நிபந்தனைகளில் ஒன்று, கணக்கையும் தணிக்கை செய்த கணக்கையும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது. கணக்கு வைக்காத ஊருக்குச் சாலைக்கும் தண்ணீருக்கும் வரும் பணமே நிற்கும் என்பது அதன் பொருள். உங்கள் சொத்துவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறதே, ரூபாய்க்குப் பத்து பைசா. அது மாநகராட்சியின் பணமே அல்ல. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டிய பணம். நிதிக் குழுவுக்கு வரப்போகிறவரைச் சோதிக்க இதைவிட எளிய கேள்வி இல்லை: நூலக வரி இந்த ஆண்டு எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு ஒப்படைத்தீர்கள்? அடுத்தவர் பணத்தை உரிய நேரத்தில் கொடுத்தவர் நம் பணத்தையும் காப்பார்.

ஆகவே, கேட்கும் இடத்தைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். 2022 நவம்பர் முதல் நகர்ப்புறத்திலும் பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கியிருக்கின்றன. கிராமசபை போல இது நகரத்துக்கு. தெருவிளக்கும் சாக்கடையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வார்டின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். தணிக்கைத் தடைகள் எத்தனை, எத்தனை தீர்ந்தன என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காமல் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். தேர்தல் வரும்போது எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தாலும், வேட்பாளர் இதுவரை யாருடைய பணத்தை வைத்திருந்தார், அந்தக் கணக்கை எங்கே, யார் முன்னால் முடித்தார் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுதிக் கொண்டு வருகிறவர் எந்தக் கொடி பிடித்தாலும் அவருக்கு இதே இடத்தில் மேடை போட்டுப் பேச அழைக்கிறோம். பேசி முடித்ததும் கீழே இருந்து கேள்வி வரும். அதற்கும் அவர் தயாராக வர வேண்டும்.